சளி டப்பாவுக்குக் காவல் இருந்தவர்

வெளியே இருக்கிறவர்களுக்கு இருமல் வந்தால் தொல்லை. உள்ளே இருக்கிறவர்களுக்கு வந்தால் யோகம். இதைச் சொன்னால் என் வீட்டிலேயே நம்புவதில்லை. "ஜெயில்ல வேலை பாத்துப் பாத்து உனக்கு வாய் கெட்டுப்போச்சு" என்பார் என் கணவர். கெட்டது உண்மைதான். பதினெட்டு வருஷமாகச் சிறை ஆஸ்பத்திரிப் பரிசோதனை அறையில் உட்கார்ந்து கைதிகளின் சளியையும் ரத்தத்தையும் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு வாயில் தேனா ஒழுகும்?

விஷயம் இதுதான். எங்கள் சிறையில் ஒரு கொட்டடி அறுபது பேருக்கென்று கட்டியது. அதில் இருநூறு பேர் படுக்கிறார்கள். ஒருக்களித்துத்தான் படுக்க முடியும். ஒருவன் புரண்டால் அந்த வரிசை முழுக்கப் புரள வேண்டும். காசநோய் வார்டில் அப்படி இல்லை. ஆளுக்கொரு கட்டில், தலைமாட்டில் ஜன்னல், தினம் ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால். உள்ளே போக ஒரே நுழைவுச்சீட்டு சளி. சளியில் கிருமி இருந்தால் கட்டில், இல்லாவிட்டால் தரை. பிறகு எவனுக்குத்தான் கிருமி மேல் ஆசை வராது?

ஆகவே சளி விலைக்குப் போனது. ஒரு சோப்புக் கட்டிக்கு ஒரு வாய்ச் சளி. நிஜ நோயாளி காறித் துப்பிக் கொடுப்பான், நோயில்லாதவன் அதைத் தன் டப்பாவில் ஊற்றி எனக்கு அனுப்புவான். ஒருநாள் வந்த நான்கு டப்பாக்களில் மூன்றில் ஒரே மாதிரி ரத்தக் கோடு. அடப்பாவிகளா, ஒரே நெஞ்சை மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்களே என்று அந்த மூன்றையும் டாக்டர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். அன்றைக்குத்தான் டாக்டர், சளி எடுப்பதைக் கண்காணிக்க ஒரு கைதியை நியமித்தார். அவர்தான் டப்பா.

பெற்றவர்கள் வைத்த பெயர் பதிவேட்டில் இருக்கிறது, யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வெளியே குழாய் வேலை பார்த்தவர். செய்த வேலைக்குக் கூலி தராமல் இழுத்தடித்த மேஸ்திரியைக் கையிலிருந்த ஸ்பேனரால் அடித்தார். ஒரே அடி. மேஸ்திரி போய்ச் சேர்ந்தார், இவருக்கு ஆயுள். சிறைக்கு வந்த மூன்றாம் வருஷம் இவருக்கே காசநோய் வந்து, எட்டு மாதம் ஒருநாள் தவறாமல் மாத்திரை விழுங்கிப் பிழைத்தார். அதனால் நோயும் தெரியும், நோயாளியின் திருட்டுத்தனமும் தெரியும்.

அவர் வேலை செய்கிற அழகைப் பார்க்க வேண்டும். காலையில் கதவு திறந்ததும் சந்தேகக் கேஸ்களை வெளி முற்றத்துக்குக் கூட்டிவருவார். கிருமி காற்றோடு போகட்டும், அறைக்குள் வேண்டாம் என்பது அவர் கணக்கு. தண்ணீர் கொடுத்து வாயைக் கொப்பளிக்கச் சொல்வார். நம்பரை மூடியில் எழுத மாட்டார், டப்பாவின் பக்கவாட்டில்தான் எழுதுவார். மூடியில் எழுதினால் மூடியை மாற்றிவிடுவார்கள் என்று எனக்கே சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

"மூச்ச இழு. விடு. இன்னொரு தடவை. மூணாவது மூச்சுல அடி வயித்துலேர்ந்து இருமு."

வருவதை எட்டிப் பார்ப்பார். "இது எச்சில்டா. எச்சில் எதுக்கு எனக்கு, தபால்தலையா ஒட்டப்போறேன்? உள்ளேர்ந்து கொண்டா."

"வரலண்ணே."

"சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? போ, போய்த் தரையில படு."

முற்றமே சிரிக்கும். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நானும் சிரிப்பேன். ஆறு வருஷத்தில் ஒரு டப்பா மாறியதில்லை. மாத்திரை கொடுக்கும்போதும் அவர்தான் பக்கத்தில் நிற்பார். விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பார். இரண்டு மாதத்தில் உடம்பு தேறியதும் மாத்திரை வேண்டாம் என்று சொல்கிறவன் மாட்டினால் தொலைந்தான். "பாம்ப அடிச்சா செத்துச்சான்னு பாத்துட்டுப் போகணும்டா. அரையும் குறையுமா அடிச்சு விட்டா அது உன்னை மட்டும் கடிக்காது, ஊரையே கடிக்கும்" என்பார். டாக்டர் சொன்னால் கேட்காதவன்கூட இதைக் கேட்பான்.

அவருக்குச் சர்க்கரையும் இருந்தது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாத்திரை. அந்த ஆறாவது வருஷம் பத்து வாரம் சர்க்கரை மாத்திரை வரவே இல்லை. கேட்டால் "எழுதி அனுப்பியாச்சு" என்பார்கள். எழுதி அனுப்பிய காகிதத்தைத் தண்ணீரில் கரைத்தா குடிக்க முடியும்? டாக்டர் என்னிடம் சொல்லிக்கொண்டேதான் இருந்தார், சர்க்கரை ஏறினால் பழைய கிருமி எழுந்து உட்காரும் என்று. நானும் தலையாட்டினேன். தலையாட்டத்தானே எங்களுக்குச் சம்பளம்!

அந்தச் சமயத்தில்தான் நன்னடத்தைக் கைதிகளை முன்கூட்டி விடுவிக்கிற பட்டியல் வந்தது. பதினோரு வருஷம் முடித்திருந்த டப்பாவின் பெயரும் இருந்தது. இரண்டு நிபந்தனைகள். வீட்டில் சேர்த்துக்கொள்வதாக ரத்த உறவு ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். உடல்நிலை பற்றி ஆஸ்பத்திரி எழுதித் தர வேண்டும். அவருக்கு இருந்த ஒரே ரத்த உறவு தங்கை. இந்தப் பட்டியலைத் தவறவிட்டால் அடுத்த பட்டியல் எப்போது என்பது அரசாங்கத்துக்கே தெரியாது.

தங்கை டாக்டரைப் பார்க்க வந்தாள். டாக்டர் அறைக்கும் என் அறைக்கும் நடுவே பாதிச் சுவர்தான், பேசுவதெல்லாம் கேட்கும்.

"அண்ணன் மேல பாசம் இல்லாம இல்லீங்க டாக்டர். இருக்குறது ஒரே ரூம். ஒன்பது வயசுல பொண்ணு இருக்கா. அண்ணனுக்கு முன்னாடி வந்த நோய் வீட்டுக்காரருக்குத் தெரியும். நோய் இல்லைன்னு ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்தா வரட்டும், இல்லாட்டி கையெழுத்துப் போடாதன்னு சொல்லிட்டாரு. நானும் அதத்தான் சொல்றேன். நான் சொல்றது தப்புங்களா?"

"தப்பே இல்லம்மா" என்றார் டாக்டர். தப்பே இல்லைதான். அந்த முழுக் கதையிலும் நியாயமாகப் பேசியவள் அவள் ஒருத்திதான்.

அதற்கு முன்பே டப்பாவின் சட்டை தோளில் தொங்க ஆரம்பித்திருந்தது. என் அறையைப் பெருக்கும்போது திடீரென்று வெளியே போவார், துண்டை வாயில் அடைத்துக்கொள்வார், தோள் குலுங்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவார்.

"என்னய்யா டப்பா, இருமுற?"

"தூசி மேடம். உங்க அலமாரியில அவ்வளவு தூசி."

"என் அலமாரியில தூசியா? தினம் துடைக்கிறது நீதானே?"

சிரித்தார். நானும் விட்டுவிட்டேன். வேறு யாராவது அப்படி இருமியிருந்தால் அந்த நிமிஷமே டப்பா கொடுத்திருப்பேன். டப்பாவுக்கு யார் டப்பா கொடுப்பது?

இனி முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீட்டுக் கம்பெனி நடத்தி ஊரைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்தவர். நல்ல தடித்த உடம்பு, தரையில் ஒருக்களிக்க முடியாது. ஆறு மாதமாகக் கட்டிலுக்கு அலைந்துகொண்டிருந்தார். வாரத்துக்கு ஒருமுறை இருமுகிறேன் என்று வருவார், எச்சிலாகத் துப்புவார், டப்பா விரட்டிவிடுவார். "ஒரே ஒரு டப்பா மாத்திக் குடுப்பா, ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்" என்று கெஞ்சுவார். "உங்கள நம்புனவங்க யாரும் உங்கள ஆயுசுக்கும் மறக்கலையே, அது போதாதா?" என்பார் டப்பா.

விடுதலைப் பட்டியலில் இருப்பவர்களுக்குச் சளி எடுக்கிற நாள் வந்தது. அன்று கடைசியாக என் மேஜைக்கு இரண்டு டப்பாக்கள் வந்தன. நாற்பத்தொன்று டப்பாவுடையது. நாற்பத்திரண்டு, அன்றைக்கும் இருமிக்கொண்டு வந்திருந்த முதலாளியுடையது. கொண்டுவந்து வைத்தவரும் டப்பாதான். வைத்துவிட்டு நிற்காமல் போய்விட்டார். வழக்கமாக நின்று இரண்டு வார்த்தை பேசாமல் போகிற ஆள் இல்லை.

கண்ணாடித் துண்டில் தடவி, சூடு காட்டி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். நாற்பத்தொன்று சுத்தம். நாற்பத்திரண்டில் நீலத் தரையில் சிவப்புக் குச்சி குச்சியாகக் கிருமிகள், எண்ணவே வேண்டியதில்லை. முதலாளிக்கா? மூன்று வேளையும் அடுத்தவன் தட்டையும் சேர்த்து வழித்துத் தின்கிற மனுஷனுக்கா?

நாற்பத்திரண்டாம் டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்த தடம். துடைத்ததற்கு அடியில் நாற்பத்தொன்று மங்கலாகத் தெரிந்தது. மேலே புதிதாக நாற்பத்திரண்டு. ஸ்பிரிட் என் அலமாரியில் இருந்ததுதான். கையெழுத்து ஆறு வருஷமாக நான் பார்க்கிற கையெழுத்து. வேலியே பயிரை மேய்ந்திருந்தது.

நான் செய்திருக்க வேண்டியது ஒன்றும் பெரிய காரியமில்லை. இரண்டு பேரையும் கூப்பிட்டு என் கண் முன்னால் மறுபடி இருமச் சொல்லியிருக்க வேண்டும். கால் மணி நேர வேலை. பட்டியல் பன்னிரண்டு மணிக்குப் போக வேண்டும் என்று குமாஸ்தா வாசலில் நின்றுகொண்டிருந்தான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டப்பா முற்றத்தில் சுவரைப் பார்த்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அதிகாரி வரும்போது கைதிகள் அப்படித்தான் நிற்க வேண்டும். அப்போது அதிகாரி யாரும் வரவில்லை.

போகட்டுமே, பதினோரு வருஷம் ஆயிற்றே, வெளியே போய் மருந்து சாப்பிட்டுக்கொள்வார், நோயைப் பற்றித் தெரியாதவரா என்று நினைத்தேன். இரக்கம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். நாற்பத்தொன்று, கிருமி இல்லை. நாற்பத்திரண்டு, கிருமி உண்டு. கையெழுத்துப் போட்டேன். கண்ணாடியில் இருந்ததைத்தான் எழுதினேன் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்த கதைதான்.

இரண்டு வாரத்தில் டப்பா விடுதலையானார். போகும்போது என் அறை வாசலில் வந்து நின்றார்.

"வர்றேன் மேடம்."

"இங்கேயெல்லாம் வர்றேன்னு சொல்லக் கூடாதுய்யா. போறேன்னு சொல்லு. போனதும் சர்க்கரை மாத்திரையை விடாம சாப்பிடு. மத்ததையும் பாத்துக்க."

"மத்ததையும்" என்றபோது என் முகத்தை ஒருமுறை பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துபோயிற்று. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

முதலாளிக்குக் கட்டில் கிடைத்தது, முட்டை கிடைத்தது, பால் கிடைத்தது, கூடவே தினம் ஒரு கை மாத்திரையும் கிடைத்தது. நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்துத் துப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். டப்பாவுக்குப் பதிலாக வந்தவன் அவரைவிடக் கெடுபிடி. இல்லாத நோய்க்கு மூன்று மாதம் மருந்து தின்று கல்லீரல் கெட்டு, ஒருநாள் முதலாளியின் கண் மஞ்சளாயிற்று. உயிர்ப் பயம் வந்தால் உண்மையும் வரும். டாக்டர் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கக்கிவிட்டார்.

விசாரணை வந்தது. என்னையும் கேட்டார்கள். "கண்ணாடியில இருந்ததை எழுதினேன் சார்" என்றேன். டப்பாவின் பக்கவாட்டைப் பார்த்தீர்களா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததை நானும் சொல்லவில்லை.

அவரைத் தேடிப்பிடித்துச் சளி எடுக்க ஊர்ச் சுகாதார நிலையத்து நர்ஸோடு என்னையும் அனுப்பினார்கள். குறுகலான சந்து, மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, நடுவில் ஒரு திரை. டப்பா வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தனி டம்ளர், தனித் தட்டு, சுருட்டிய பாய். உடம்பில் பாதிதான் மிச்சமிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஏன்யா மருந்து சாப்பிடல?" எடுத்த எடுப்பில் கத்திவிட்டேன். சந்தில் இரண்டு கதவு திறந்தது.

"சாப்பிட்டேன் மேடம். வார்டுல விடுதலையாகிப் போறவங்க விட்டுட்டுப் போனத சேத்து வச்சிருந்தேன். ஆறு வாரத்துக்கு வந்துச்சு. இருமலும் நின்னுச்சு. சரியாயிடுச்சுன்னு நெனச்சேன்."

"நீயா நெனச்ச? பாம்பு பாம்புன்னு ஊருக்கெல்லாம் சொன்னவன் நீதானேய்யா!"

"சுகாதார நிலையத்துக்கும் போனேன் மேடம். வாசல் வரைக்கும் போனேன். கார்டு போட்டா வீட்டுக்கு வந்து எல்லாரையும் சோதிப்போம்னு போர்டு வச்சிருந்தாங்க. வந்தா தங்கச்சிக்குத் தெரிஞ்சுடும், வெளியில போன்னு சொல்லிட்டா, மறுபடி உள்ள அனுப்பிடுவாங்க. அதான் தள்ளித் தள்ளிப் படுத்தேன். மழை வந்தப்ப மட்டும்தான் உள்ள படுத்தேன் மேடம். மழை வந்தப்ப மட்டும்."

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்திருந்தது.

திரைக்குப் பின்னாலிருந்து ஓர் இருமல் கேட்டது. சின்ன இருமல். நர்ஸ் என்னைப் பார்த்தாள். தங்கை பெண்ணைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது அந்தப் பிள்ளைக்கு. ஒரு மாதமாகச் சாயங்காலம் ஆனால் காய்ச்சல், பள்ளிக்கூடத்தில் வெயில் சூடு என்கிறார்கள் என்றாள் தங்கை. வந்த விஷயத்தை நர்ஸ் சொல்லச் சொல்ல அவள் முகத்தில் ரத்தம் வற்றியது. அழவில்லை. அண்ணனைப் பார்த்தபடியே இருந்தாள்.

நர்ஸ் பிள்ளையிடம் டப்பாவைக் கொடுத்து இருமச் சொன்னாள். பிள்ளைக்குத் தெரியவில்லை, எச்சிலைத்தான் துப்பியது. இரண்டு முறை பார்த்தோம், எச்சில்தான். அப்போது டப்பா மெதுவாகக் கிட்டே வந்தார். வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு மண்டி போட்டு உட்கார்ந்து, பிள்ளை கையிலிருந்த டப்பாவை வாங்கிக்கொண்டார்.

"கண்ணு, மாமாவப் பாரு. மூச்ச இழு. விடு. இன்னொரு தடவை. மூணாவது மூச்சுல..."

தங்கை பாய்ந்து டப்பாவைப் பிடுங்கினாள். "நீ தொடாத! எம் பொண்ணுக்கிட்ட வராத! சாவு, போய்த் தொலஞ்சு சாவு!"

அவர் எழுந்து சுவர்ப் பக்கம் போய் நின்றுகொண்டார். ஆனால் பிள்ளை மாமா சொன்னபடியே மூன்றாவது மூச்சில் இருமியது. வந்தது சரியான சளி. பக்கவாட்டில் நம்பரை நான் எழுதினேன்.

அந்தக் கண்ணாடியிலும் சிவப்புக் குச்சிகள் இருந்தன. மாமன் டப்பாவிலும், மருமகள் டப்பாவிலும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பார்த்ததில், அரைகுறையாக அடிபட்ட பாம்பு சாதாரண மாத்திரைக்குக் கட்டுப்படவில்லை. பிள்ளைக்கு ஒன்றரை வருஷ மருந்து. காது மந்தமாகலாம், வாந்தி வரும், பிழைத்துக்கொள்வாள் என்கிறார்கள். டப்பாவின் விடுதலை ரத்தாயிற்று. இப்போது முதலாளி காலி செய்த அதே கட்டிலில் படுத்திருக்கிறார். தினம் முட்டை வருகிறது, அப்படியே பக்கத்துக் கட்டிலுக்குத் தள்ளிவிடுகிறார். என்னோடு பேசுவதில்லை. நானும் அந்த வார்டுப் பக்கம் காரணமில்லாமல் போவதில்லை.

போன வாரம், கைதிகளைப் பார்க்க உறவுகள் வருகிற நாளில், தங்கை வந்தாள். அண்ணனைப் பார்க்க வரவில்லை. என்னைக் கேட்டு என் அறை வாசலுக்கு வந்தாள். பழைய காகிதம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தாள், நனையக் கூடாதென்று பிளாஸ்டிக் உறை போட்டிருந்தாள். அண்ணனுக்குக் கிருமி இல்லை என்று நான் கையெழுத்துப் போட்ட காகிதம்.

"இது நீங்க எழுதுனதுதானே மேடம்?"

"ஆமாம்மா."

"அப்ப எனக்கு ஒரு உதவி பண்ணணும். பொண்ண ஸ்கூல்ல சேத்துக்க மாட்டேங்கிறாங்க. நோய் இல்லைன்னு ஆஸ்பத்திரிப் பேப்பர் கொண்டா, உக்கார வைக்கிறோம்னு சொல்றாங்க. இதே மாதிரி அவளுக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க."

குத்திக் காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே கேட்டாள். இந்த அறையில் கேட்டால் கிடைக்கும் என்று நம்பித்தான் இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

"அப்படி எழுத முடியாதும்மா" என்றேன். "நோய் இருக்கே. கிருமி போற வரைக்கும் அவ அங்க போகக் கூடாது. மத்தப் பிள்ளைங்க இருக்கு இல்ல?"

அவள் காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுலயும் ஒரு பிள்ளை இருந்துச்சே மேடம்" என்றாள்.